85 வினாடிகள்

மேசையின் மேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பம்பு கூடத்து பி.எல்.சி.யின், அதாவது இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு தொழிற்சாலைக் கணினியின், நிகழ்வுப் பதிவு. மற்றொன்று வால்வு அறையில் இருக்கும் பி.எல்.சி.யினுடையது. முதல் தாளில் 02:14:36-க்கு "அதிக அழுத்தம், பம்பு நிறுத்தம்" என்று இருந்தது. இரண்டாவது தாளில் 02:13:58-க்கு "வால்வு மூடும் கட்டளை" என்று இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குக் கதை முடிந்துவிட்டது: பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ வால்வை மூடியிருக்கிறார், குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறது, 38 வினாடி கழித்துப் பாதுகாப்பு வேலை செய்து பம்பை நிறுத்தியிருக்கிறது. அன்று இரவுப் பணியில் இருந்தவர் ஒரே ஒருவர், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆன ஓர் இளைஞர்.

"மேடம், பம்பு நின்ற பிறகுதான் நான் பட்டனை அழுத்தினேன்" என்றார் அவர். குரல் நடுங்கியது. தாளில் வேறு மாதிரி இருக்கிறதே என்று மேலாளர் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. இயந்திரம் எழுதிய நேரத்துக்கு எதிராக மனிதன் சொல்லும் நேரத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

நான் அந்தக் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கருவி, கட்டுப்பாட்டுப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆனால் அந்த நிமிடம் வரை ஒரு கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொண்டதில்லை: இந்த இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே நேரம்தானா?

மதியம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு இரண்டு இடங்களுக்கும் போனேன். முந்தைய இரவில் ஒரு மின்னழுத்த வீழ்ச்சி வந்து போனது நினைவுக்கு வந்தது. பம்பு கூடத்துக்கும் வால்வு அறைக்கும் ஒரே மின்வழிதான். இரண்டு பேனல்களிலும் குறைமின்னழுத்த ரிலே உண்டு, அதன் சமிக்ஞை இரண்டு பி.எல்.சி.களுக்கும் போகிறது. எனவே ஒரே கணத்தில் நடந்த ஒரே நிகழ்வு இரண்டு பதிவுகளிலும் இருக்க வேண்டும். தேடினேன். பம்பு கூடத்தில் 22:41:10. வால்வு அறையில் 22:39:45.

வித்தியாசம் 85 வினாடி.

வால்வு அறையின் கடிகாரம் அவ்வளவு பின்தங்கியிருந்தது. மூன்றரை மணி நேரத்தில் அந்த வித்தியாசம் அரை வினாடிகூட மாறியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே 02:13:58 என்று எழுதப்பட்ட கட்டளை, பம்பு கூடத்துக் கடிகாரத்தின்படி 02:15:23-க்கு வந்தது. பம்பு நின்று 47 வினாடி கழித்து. அந்த இளைஞர் சொன்னது அப்படியே உண்மை. பம்பு நின்ற பிறகு வால்வை மூட வேண்டும் என்பதுதான் விதி, அவர் விதிப்படி மூடியிருக்கிறார். பிறகு பம்பு ஏன் நின்றது என்று தேடியதில், அழுத்த உணரியின் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் புகுந்து, கசிவு மின்னோட்டம், அழுத்தத்தை மின்னோட்டமாகச் சொல்லும் 4-20 மில்லி ஆம்பியர் சமிக்ஞையோடு சேர்ந்து, இல்லாத அழுத்தத்தைக் காட்டியிருந்தது தெரிந்தது.

பெட்டியை உலர்த்தி, ரப்பர் வளையம் மாற்றி, அன்றே முடித்துவிட்டோம். ஆனால் அந்த 85 வினாடி என்னை விடவில்லை.

பத்து வாரங்களுக்கு முன் வால்வு அறை பி.எல்.சி.க்கு மின்கலம் மாற்றியபோது கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தோம், அது பராமரிப்புப் பதிவேட்டில் இருக்கிறது. 70 நாளில் 85 வினாடி என்றால் நாளொன்றுக்கு 1.2 வினாடி. அந்தப் பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. இது எந்த நிறுவனத்தின் பெட்டிக்கும் பொருந்தும். பரவலாகப் பயன்படும் சீமென்ஸ் எஸ்7-1200-ன் விவரக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 25 டிகிரியில் மாதத்துக்கு ±60 வினாடி. அதைவிடப் பெரிய எஸ்7-1500-க்கு வழக்கமான விலகல் நாளுக்கு 2 வினாடி, அதிகபட்சம் 10. அதாவது ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் போனால், விவரக்குறிப்புக்கு முழுமையாக உட்பட்ட இரண்டு எஸ்7-1200-கள் ஒரே மாதத்தில் இரண்டு நிமிடம் விலகி நிற்கலாம். அது விவரக்குறிப்பில் அச்சிட்டே இருக்கிறது. நான்தான் அதை எண்ணாகப் படித்துவிட்டு, விளைவாக யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஏன் விலகுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

பி.எல்.சி.யின் நாள்காட்டிக் கடிகாரம் பெரும்பாலும் ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகத்தால் ஓடுகிறது. கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகைதான். இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட படிகம், வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும், அதற்காகவே தேர்ந்தெடுத்த எண். தொழிற்சாலையில் வெட்டும்போதே பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிழை இருக்கலாம். கேட்கத் தூசு போல இருக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பத்து லட்சத்தில் 20 பங்கு என்றால் நாளுக்கு 1.7 வினாடி, ஆண்டுக்குப் பத்தரை நிமிடம்.

அது நிலையான பிழை. மாறும் பிழை வெப்பத்தால் வருகிறது. இந்த இசைக்கவைப் படிகம் சுமார் 25 டிகிரியில்தான் தன் உச்ச வேகத்தில் அதிர்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் வேகம் குறைகிறது, சூடானாலும் குறைகிறது, குளிர்ந்தாலும் குறைகிறது. வரைபடமாகப் போட்டால் கவிழ்த்துவைத்த பரவளையம். குறையும் அளவு வெப்பநிலை வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி 0.034-ஆல் பெருக்கினால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 45 டிகிரியில் 13.6 பங்கு, நாளுக்கு 1.2 வினாடி. 55 டிகிரியில் 30.6 பங்கு, நாளுக்கு 2.6 வினாடி. 65 டிகிரியில் 4.7 வினாடி. பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் பிழை முன்பைவிட அதிகமாகத் தாவுகிறது.

விவரக்குறிப்பில் "25 டிகிரியில்" என்று எழுதியிருப்பதன் பொருள் இப்போது விளங்கும். எந்த பி.எல்.சி. 25 டிகிரியில் வாழ்கிறது? மூடிய இரும்புப் பேனலுக்குள், மின்வழங்கிக்கும் அலைவெண் மாற்றிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அது.

இவ்வளவு சின்ன எண்கள் எப்படிச் சேர்ந்துகொண்டே போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு குவார்ட்ஸ் சம்பந்தப்பட்டதே அல்ல. 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பாவின் மின்தொகுப்பில் சராசரி அலைவெண் 50-க்குப் பதிலாக 49.996 ஹெர்ட்ஸ் ஆக இருந்தது. கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான தகராறில் 113 ஜிகாவாட் மணி மின்சாரம் தொகுப்புக்கு வராமல் போனதுதான் காரணம். மின்வலையின் அலைவெண்ணை எண்ணி ஓடும் அடுப்பிலும் ரேடியோவிலும் உள்ள கடிகாரங்கள் கண்டம் முழுவதும் ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கின. 0.004 ஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சத்தில் 80 பங்கு, நாளுக்கு 6.9 வினாடி. ஐம்பது நாளில் அது ஆறு நிமிடத்தை நெருங்கிவிடும். யாருடைய கடிகாரமும் பழுதாகவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எங்கள் நிலையத்தில் ஏழு பி.எல்.சி.கள். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒவ்வொன்றின் கடிகாரத்தையும் நம்பகமான ஒரு நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதத் தொடங்கினேன். திரையில் தெரியும் நேரத்தைப் பார்த்து எழுதக்கூடாது என்று முதல் வாரத்திலேயே புரிந்தது. திரை தன் வசதிக்குத்தான் புதுப்பித்துக்கொள்ளும், அதிலேயே ஒரு வினாடி போய்விடும். அதனால் ஒவ்வொரு பி.எல்.சி.யிலும் வினாடி மாறும்போது மாறும் ஒரு வெளியீட்டு விளக்கை ஏற்படுத்தினேன். கண்ணால் அதைப் பிடிப்பதில் கால் வினாடி பிழை வரலாம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் அந்தக் கால் வினாடி ஏழு நாளுக்குப் பங்காகிவிடும். தினமும் அளந்து தலையைக் குழப்பிக்கொள்வதைவிட வாரம் ஒருமுறை அளப்பது நல்ல விடையைத் தருகிறது.

அளந்துவிட்டு நான் கடிகாரத்தைத் திருத்தவில்லை. இது பலருக்குப் புரியவில்லை. தவறு தெரிந்தும் ஏன் விட்டுவைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். திருத்திவிட்டால் விலகும் வேகம் எனக்குத் தெரியாமல் போகும். கடிகாரம் எவ்வளவு தவறாக இருக்கிறது என்பது ஒரு செய்தி, எந்த வேகத்தில் தவறிக்கொண்டிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய செய்தி. கடலில் கடிகாரத்தை வைத்துத் தீர்க்கரேகை கண்ட மாலுமிகளுக்கு இது பால பாடம். அவர்கள் கப்பலின் கடிகாரத்தைத் தொட்டுத் திருத்துவதில்லை. அது நாளுக்கு எத்தனை வினாடி முந்தும் அல்லது பிந்தும் என்பதைக் கரையில் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, கணக்கில் கூட்டியோ கழித்தோ சரியான நேரத்தைக் கண்டார்கள். ஒரே சீராகத் தவறும் கடிகாரம் அவர்களுக்கு நல்ல கடிகாரம்.

எங்கள் ஏழில் ஆறு சீராகவே தவறின. ஒன்று நாளுக்கு 0.4 வினாடி, ஒன்று 1.3, மற்றவை இடையில். ஐந்தாம் எண் மட்டும் நான்கு மாதம் 1.1 என்று இருந்துவிட்டு, மூன்றே வாரத்தில் 1.6, 2.3, 3.0 என்று ஏறியது.

படிகம் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பரவளையம் நினைவுக்கு வந்தது. 1.9 வினாடி கூடுதல் என்றால் பத்து லட்சத்தில் 22 பங்கு. முன்பு உள்ளே 40 டிகிரி இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இப்போது ஏறத்தாழ 54 டிகிரி வருகிறது. காகிதத்தை வைத்துவிட்டு நேராக அந்தப் பேனலுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. மேலே இருந்த வெளியேற்று மின்விசிறியின் தாங்கி இறுகி, விசிறி நின்றுபோயிருந்தது. கீழே காற்று நுழையும் வடிகட்டி தூசியால் கம்பளம் போல மூடிக்கிடந்தது. பி.எல்.சி.யின் பக்கத்தில் வெப்பமானியை வைத்தேன். 53 டிகிரி. பல பி.எல்.சி.களுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 60 டிகிரிதான்.

அந்தப் பேனலில் வெப்ப உணரி கிடையாது, எந்த அலாரமும் வரவில்லை. கடிகாரம் மட்டும் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. விசிறியை மாற்றி, வடிகட்டியைக் கழுவிய அடுத்த திங்கட்கிழமை, நாளுக்கு 1.1 வினாடிக்கே திரும்பியிருந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை வீட்டில் விளக்க முயன்றேன், சொற்கள் போதவில்லை.

வெப்பத்தைத் தானே அளந்து ஈடுசெய்யும் கடிகாரச் சில்லுகளும் உண்டு. டி.எஸ்.3231 என்ற சில்லு 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கும், ஆண்டுக்கு ஒரு நிமிடம்தான் விலகும். அப்படி ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் இந்த வெப்பமானி வித்தை பலிக்காது.

கடிகாரங்களை ஒன்றாக ஓடவைக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டபோது, ஒரு வால்வுச் சம்பவத்துக்காகவா என்று கேட்டார்கள். நான் 2003 ஆகஸ்ட் 14-ஐச் சொன்னேன். அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் மின்தொகுப்பு சரிந்து சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். விசாரித்த குழுவின் முன் ஆயிரக்கணக்கான நிகழ்வுப் பதிவுகள் வந்து குவிந்தன. ஆனால் எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்துவதே பெரும்பாடாகிவிட்டது, ஏனென்றால் பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் தேசிய நேரத்தோடு இணைக்கப்படவே இல்லை. காரணம் எது, விளைவு எது என்பது நேர வரிசையில்தான் தெரியும். நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று. இன்று வட அமெரிக்க மின்தொகுப்பு விதிகள் அத்தகைய பதிவுகள் உலகப் பொது நேரத்திலிருந்து 2 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. எங்கள் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன, அவர்கள் மேசையில் ஆயிரக்கணக்கான தாள்கள். குழப்பம் ஒன்றுதான்.

அனுமதி கிடைத்தது. என்.டி.பி. என்ற நேர நெறிமுறையைப் பயன்படுத்தினோம். டேவிட் மில்ஸ் வடிவமைத்தது, 1985 முதல் இருக்கிறது, இன்றைய பி.எல்.சி.கள் பெரும்பாலானவை அதைப் புரிந்துகொள்ளும். வேலை எளிது என்று நினைத்தேன். முதல் நாள் கண்காணிப்பு அறையின் கணினியையே நேர சர்வராக வைத்தோம். நெட்வொர்க்கில் இருந்த ஆறு பெட்டிகளும் ஒரே நேரம் காட்டின. ஆனால் அந்தக் கணினியின் கடிகாரத்துக்கு மேலே ஆசான் யாரும் இல்லை. அதுவும் தன் போக்கில் விலகிக்கொண்டிருந்தது. ஆறும் ஒன்றாகத் தவறுவது தனித்தனியாகத் தவறுவதைவிட நூறு மடங்கு நல்லது, நிகழ்வுகளின் வரிசையாவது காப்பாற்றப்படும். ஆனாலும் மின்வாரியத்தின் பதிவோடு ஒப்பிட வேண்டிய நாளில் மாட்டிக்கொள்வோம். பிறகு செயற்கைக்கோள் நேரம் பெறும் ஒரு கருவியை வாங்கி, அதை ஆசானாக்கினோம். அதை அமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஜி.பி.எஸ். அமைப்பின் சொந்த நேரம், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் வினாடிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை, 2017 தொடக்கத்திலிருந்து அது உலகப் பொது நேரத்தைவிட 18 வினாடி முந்தி நிற்கிறது. எங்காவது மிகச்சரியாக 18 வினாடி வித்தியாசம் கண்டால் படிகத்தைச் சந்தேகிக்காதீர்கள், கருவியின் அமைப்பைத் திறந்து பாருங்கள்.

மில்லி வினாடிக்கும் கீழே துல்லியம் தரும் ஐ.இ.இ.இ. 1588 என்ற நெறிமுறைக்குப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அது வீண் என்பது என் முடிவு. பி.எல்.சி. ஒரு சமிக்ஞையை வந்த கணத்தில் பார்ப்பதில்லை. உள்ளீட்டு வடிகட்டி சில மில்லி வினாடி தாமதிக்கும், பிறகு அடுத்த ஸ்கேன், அதாவது நிரல் முழுவதையும் ஒருமுறை ஓட்டும் அடுத்த சுற்று, வரும் வரை அது காத்திருக்கும். எங்கள் ஸ்கேன் 12 மில்லி வினாடி. அப்படி எடுத்த நேரக்குறிப்பில் கடைசிப் பத்து மில்லி வினாடிக்கு மதிப்பே இல்லை, கடிகாரம் மைக்ரோ வினாடிக்குச் சரியாக இருந்தாலும். உள்ளீட்டு அட்டையே நேரத்தை முத்திரையிடும் வசதி இருந்தால்தான் அந்தத் துல்லியம் பயன்படும்.

ஒத்திசைவு வந்த பிறகு இரண்டு விஷயங்கள் என்னைக் கடித்தன.

முதலாவது, பணிமுறை (ஷிப்ட்) அறிக்கை. நிரலில் நேரம் 06:00:00-க்குச் சமமானால் முந்தைய பணிமுறையின் மொத்தத்தை எழுதி, கணக்கைச் சுழியாக்கு என்று இருந்தது. ஒரு நாள் காலை கடிகாரம் 06:00:00-ஐத் தொட்டு அறிக்கையை எழுதியது. அடுத்த கணமே நேர சர்வர் அதை இரண்டு வினாடி பின்னுக்கு இழுத்தது. கடிகாரம் மீண்டும் ஆறு மணியைத் தொட்டு, மீண்டும் அறிக்கை எழுதியது, இந்த முறை எல்லாம் சுழி. முதல் அறிக்கை மேலெழுதப்பட்டு அழிந்தது. இதே போல 05:59:59-லிருந்து 06:00:01-க்குத் தாவினால் அறிக்கையே வராது. நேரத்தைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். இப்போது எந்தப் பணிமுறை என்று நேரத்திலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடுங்கள், அந்த எண் மாறி ஒரு நிமிடம் நிலைத்திருந்தால் மட்டும் அறிக்கை எழுதுங்கள். அதோடு ஒவ்வொரு நிகழ்வுப் பதிவுக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண்ணையும் கொடுங்கள். கடிகாரம் பின்னுக்குப் போனாலும் வரிசை எண் போகாது.

இரண்டாவது எனக்கு வலித்தது. ஒத்திசைவு வந்ததும் என் நோட்டுப் புத்தகம் ஊமையாகிவிட்டது. அந்த ஆறு பெட்டிகளும் எப்போதும் சரியான நேரம் காட்டின. இன்னொரு விசிறி நின்றால் யார் சொல்வது? ஆகவே சர்வர் நேரத்தைத் தானாக எழுதும் வசதியை நிறுத்திவிட்டு, நிரலில் ஒரு சிறு பகுதி எழுதினேன். மணிக்கு ஒருமுறை சர்வரின் நேரத்தை வாங்கும், தன் கடிகாரத்தோடு கழிக்கும், அந்த வித்தியாசத்தைப் பதிவுசெய்யும், பிறகுதான் திருத்தும். வித்தியாசம் 5 வினாடிக்கு மேல் இருந்தால் திருத்தாமல் அலாரம் எழுப்பும். மின்கலம் தீர்ந்து கடிகாரம் 1970 ஜனவரி 1-க்குப் போய்விட்ட பெட்டியும், பைத்தியம் பிடித்த நேர சர்வரும் அந்த அலாரத்தில்தான் பிடிபடும். ஒரு வாரத்தின் திருத்தங்களைக் கூட்டினால் பழைய விலகல் வேகம் கிடைத்துவிடுகிறது. திருத்துவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துப்போங்கள்.

நேரம் என்றதும் எல்லோரும் நாள்காட்டிக் கடிகாரத்தையே நினைக்கிறார்கள். பி.எல்.சி.க்குள் இன்னொரு நேரமும் இருக்கிறது, டைமர்களின் நேரம். அங்கே நடக்கும் பிழை படிகத்தால் வருவதல்ல, நாம் எழுதும் நிரலால் வருவது. அளவிலும் பயங்கரமானது.

எங்கள் மூன்றாம் பம்பின் மேல் பழைய சுழல் எண் மணிமானி ஒன்று உண்டு. அது 1,000 மணி ஏறியபோது, அதே காலத்தில் பி.எல்.சி. எண்ணிய ஓட்ட மணி 982 மட்டுமே. எண்ணெய் மாற்றும் தேதியை பி.எல்.சி.யின் கணக்குப்படிதான் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். நிரலைத் திறந்தால், ஒரு வினாடி டைமர் ஒன்று, முடிந்ததும் தன்னைத்தானே சுழியாக்கிக்கொண்டு மீண்டும் ஓடுகிறது, ஒவ்வொரு முடிவுக்கும் எண்ணியில் ஒன்று கூடுகிறது. எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரும் வடிவம். டைமர் முடிந்ததை நிரல் ஸ்கேன் வரும்போதுதான் பார்க்கும், அதில் சராசரியாக அரை ஸ்கேன், 6 மில்லி வினாடி போகிறது. சுழியாக்கி மீண்டும் தொடங்க இன்னொரு முழு ஸ்கேன், 12 மில்லி வினாடி. ஆக நாம் ஒரு வினாடி என்று எண்ணியது உண்மையில் 1.018 வினாடி. நாளுக்கு 25 நிமிடம் காணாமல் போகிறது! படிகத்தின் ஒன்றிரண்டு வினாடிக்காக நான் நோட்டுப் புத்தகம் வைத்துக் காத்துக்கொண்டிருந்த அதே வேளையில், பக்கத்துப் பெட்டி ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அரை மணி நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

மருந்து எளிது. முடிந்ததும் சுழியாக்காமல், சேர்ந்த நேரத்திலிருந்து 1,000 மில்லி வினாடியை மட்டும் கழித்து, மிச்சத்தை அடுத்த வினாடிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த முறை பார்க்கத் தாமதமானால் அடுத்த முறை முன்னதாகவே முடியும், பிழை சேராது. நான் நிற்காமல் ஓடும் மில்லி வினாடி எண்ணியை எடுத்து, போன ஸ்கேனுக்கும் இந்த ஸ்கேனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறேன். அந்த எண்ணி நிரம்பித் திரும்பும் நாளையும் யோசித்துவிடுங்கள். எதிர்ம எண்களுக்கும் இடம்விடும், குறியுள்ள 32 பிட் எண்ணில் மில்லி வினாடியை வைத்தால் 24 நாள் 20 மணி 31 நிமிடத்தில் நிரம்பும், குறியில்லாததில் 49 நாள் 17 மணியில். சோதனைக்கூடத்தில் யாரும் அத்தனை நாள் ஓட்டிப் பார்ப்பதில்லை. போயிங் 787 விமானத்தில் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் ஓர் எண்ணி, 248 நாள் மின்சாரம் நிற்காமல் இருந்தால் நிரம்பிவிடும் என்று 2015-ல் கண்டுபிடித்து எச்சரித்தார்கள். நூறில் ஒரு வினாடியாக எண்ணினால் குறியுள்ள 32 பிட் நிரம்புவதும் 248 நாளில்தான்.

மூன்றாம் பம்பு இப்போது மணிமானியோடு ஒத்துப்போகிறது. 600 மணிக்கு ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை.

அந்த இளைஞர் இப்போது என் பிரிவுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமைப் பதிவை அவர்தான் எழுதுகிறார். ஏழில் ஒன்று இன்னும் நெட்வொர்க்கில் இல்லாததால் அதற்கு மட்டும் பழையபடி விளக்கைப் பார்த்து அளக்கிறார். இந்த வாரம் நோட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்து, இரண்டாம் எண்ணின் வரியில் விரலை வைத்தார். எப்போதும் 1.3 வினாடி பிந்தும் பெட்டி, இந்த முறை 0.7 மட்டுமே பிந்தியிருந்தது.

"நல்லதுதானே மேடம்? முன்பைவிடச் சரியாக ஓடுகிறதே" என்றார்.

பரவளையத்தை வரைந்து காட்டினேன். சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் உள்ளே குளிர்ந்திருக்கிறது. சுமார் பத்து டிகிரி" என்றார். பிறகு அவரே, "யாரோ பேனல் கதவைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். தூசி முழுக்க உள்ளே போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.